கை நின்ற இடம்

அத்தியாயம் 7

“அக்கா, மினி பஸ்சுல பாக்கிச் சில்லறை தராம ஏமாத்துன காலத்துல கூட இத்தன பேரு என்னைய இப்படி முறைச்சதில்ல” என்றான் சுருளி.

கழுகுப்பாறை எஸ்டேட்டின் திருவிழா மைதானத்தில், காலி மேடை மேல் அவன் நின்றிருந்தான். தோளில் ஓர் உறுமி தொங்கியது. மைதானத்தைச் சுற்றிலும் தொழிலாளர்களின் லயத்து வீடுகள். வாசலுக்கு இரண்டு பேர் வீதம் நின்று பார்த்தார்கள். வந்ததும் தண்ணீர் கேட்டதற்கு ஒரு பெண் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தாள்.

“நான் கையைத் தூக்குறப்பல்லாம் ஒரு அடி. ஒண்ணே ஒண்ணு” என்றாள் ரேணுகா.

“உறுமியவா, என்னையவா?”

அவள் சரிவில் இறங்கினாள். வண்டி விபத்துகளை விசாரித்துக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, தேனியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள். சுருளி அவளுடைய டிரைவர், உதவியாளர், தலைவலி.

விஷயம் இதுதான். போன வாரம் இதே மேடையில் ‘பதினேழாம் வளைவு’ என்ற இசைக்குழு பாடியது. போடிப் பிள்ளைகள். பாடி முடித்து மலையிறங்கும்போது இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் அவர்கள் ஜீப்பு பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதியது. உறுமி அடிக்கிற சோலை இன்னும் கண் திறக்கவில்லை. டிரைவர் சின்ராசு கம்பிக்குப் பின்னால் இருந்தான். அவன் அன்றைக்கு ஒரு டம்ளர் குடித்திருந்தான். ஊருக்கு அது போதுமாக இருந்தது. சோலையின் சொந்தக்காரர்கள் சின்ராசுவின் வீட்டு ஓடுகளை உடைத்துப் போட்டார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேவாரத்துக்கு ஓடிவிட்டாள்.

குழுவில் பாடுகிற ஷாரோன் மட்டும், “அந்தண்ணன் வண்டிய அப்படிப் பாத்துக்கிடுவாருக்கா. காலையில பிரேக்கு நல்லா இருந்துச்சு. யாரோ என்னமோ பண்ணிட்டாங்க” என்று ரேணுகாவிடம் வந்து நின்றாள். சின்ராசுவின் ஜாமீன் மனு நாளைக்கு வருகிறது. அதற்குள் அந்த ‘யாரோ’வைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கையில் இருந்த ஒரே துப்பு ஒரு பழைய போன்.

ஸ்டூடியோவுக்குப் போகக் குழுவிடம் வசதி இல்லை. அதனால் ஒவ்வொரு கச்சேரியையும் தாங்களே பதிவு செய்தார்கள். மிக்சரிலிருந்து ஒயர் இழுத்து ஒரு போனில் பாட்டைப் பிடிப்பார்கள். அது சுத்தமாக இருக்கும். ஆனால் கல்யாண வீட்டில் ஆளே வராத பந்தி மாதிரி இருக்கும். கைதட்டலும் கூச்சலும் வேண்டுமே! அதற்கு இன்னொரு போன். கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும் ஜீப்பில், ஸ்டீரிங்குக்குக் கீழே, காற்று இரையாமலிருக்கச் சாக்குத்துணியில் சுற்றிக் கட்டிவிடுவார்கள். பழைய போன் என்பதால் சார்ஜ் நிற்காது. ஜீப்பிலிருந்தே சார்ஜ் ஏற வேண்டும். அதற்காகச் சாவியைப் போட்டபடியே விட்டிருப்பார்கள். கச்சேரி முடியும் வரை ஜீப்பை யாரும் தொடக்கூடாது என்பது குழுவின் சட்டம். பிற்பாடு, பதிவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டான்லி இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகக் கோப்பான்.

விபத்தில் அந்தப் போனின் முகம் நொறுங்கிவிட்டது. ஆனால் உள்ளேயிருந்த மெமரி கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரேணுகா அந்தக் கார்டைத் தன் போனில் போட்டு, இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துக் கேட்டாள். முதல் மூன்று பாட்டில் ஜீப்பு போன் உறுமியின் அடியை ஒரு கண்ணிமைப்பு பிந்திக் கேட்டது. நாலாவது பாட்டில் அந்தப் பிந்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. பிறகு கூடாமல் அப்படியே நின்றது.

“திருவிழாவுல வேட்டு போடுறப்போ பாத்திருக்கேல்ல?” என்று வரும் வழியில் சுருளியிடம் சொல்லியிருந்தாள். “தூரத்துல போட்டா வெளிச்சம் முந்தும், சத்தம் பிந்தும். பிந்தல் கூடுனா தூரம் கூடுதுன்னு அர்த்தம்.”

“அப்போ பாட்டு நடக்கையிலேயே ஜீப்பு நகந்திருக்கு.”

“எஞ்சின் சத்தமே இல்லாம.”

“ஜீப்புக்கே பாட்டு பிடிக்கல போல.”

இப்போது அவள் சரிவில் நின்று கையைத் தூக்கினாள். மேடையில் குச்சி இறங்கியது. சத்தம் பிறகு வந்தது. போதாது. இன்னும் இறங்கினாள். மறுபடி கை. மறுபடி அடி. மேகம் இறங்கி மேடையை மறைப்பதற்குள் முடிக்க வேண்டும். மேடையிலிருந்து அந்தத் தூரத்தில் ஒரு வட்டம் போட்டால், மேலே கோயில், பக்கத்தில் பள்ளம், கீழே ஒரு கட்டிடத்தின் பின்கதவு. எஞ்சின் போடாத ஜீப்பு ஏற்றத்தில் உருளாது. பள்ளத்தில் உருண்டிருந்தால் திரும்பி வந்திருக்காது.

அவள் பின்கதவுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினாள். அடி வந்து சேர்ந்தது. காதில் இருந்த பிந்தலும் இந்தப் பிந்தலும் ஒன்று.

அது எஸ்டேட்டின் காய் ஸ்டோர். பறித்த ஏலக்காயைச் சூட்டறையில் காயவைத்து மூட்டை கட்டும் இடம். பின்கதவிலிருந்து ஒரு கரட்டுப்பாதை தார்ரோட்டை நோக்கிச் சரிந்தது. பாதையின் நடுவே ஒரு பாறை முதலையின் முதுகுபோலத் துருத்திக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் இரும்பு உரசிய பளபளப்பு. குனிந்து தொட்டாள்.

“கைய எடு.”

ஸ்டோர் சூப்பர்வைசர் ராக்கையா கதவைத் திறந்துகொண்டு வந்தார். கூடவே இரண்டு நாய்கள். அவற்றைக் கட்டியிருந்த சங்கிலியை ஒரு சுற்றுத் தளர்த்திப் பிடித்தார்.

“யாரக் கேட்டு உள்ள வந்த? இங்க எந்த ஜீப்பும் வரல.”

மேலேயிருந்து மூச்சு வாங்க ஓடிவந்த சுருளி உறுமியை இறக்கி வைத்தான். “அண்ணே, நாங்க இன்னும் ஜீப்புன்னு ஒரு வார்த்த சொல்லலியே. காயவச்ச ஏலக்காய் மாதிரி நீங்களா வெடிச்சுட்டீங்க.”

ராக்கையாவின் முகம் இறுகியது. “ஒரு காரியம் சொல்றேன், கேட்டுக்கோ. இது மலை. வழி தெரியாம வந்து வழுக்கி விழுந்தவங்க எத்தனையோ பேரு. எறங்குங்க.”

“போன ஞாயித்துக்கிழமை, கச்சேரி நடக்கையில நீங்க எங்க இருந்தீங்க?” என்றாள் ரேணுகா.

“நாய அவுத்து விடவா?”

“அதுக்குப் பதில் சொல்லத் தெரியும்னா விடுங்கண்ணே” என்றான் சுருளி.

நாய்கள் உறுமின. ரேணுகா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். தங்கள் ஜீப்பில் ஏறி வளைவு திரும்பும்போது எங்கிருந்தோ ஒரு கல் வந்து பின்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி சிலந்திவலையாக விரிந்தது.

“வந்தாரை வாழவைக்கிற ஊரு” என்றான் சுருளி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

* * *

போடிமெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் மேகம் விட்டது. கீழே சமவெளி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. ரேணுகா ஜீப்பு போனின் பதிவைத் தங்கள் வண்டியின் ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டாள்.

“ஸ்டோர் வாசல்ல நின்னதுக்கு அப்புறம் கேளு.”

தூரத்தில் பாட்டு. பக்கத்தில் பொத், பொத் என்று கனமாக எதுவோ விழும் சத்தம். மூட்டைகள். ஏற்றுகிறவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பழகின கைகள்.

“காய்த் திருட்டா! அப்ப பிரேக்கை யாரும் அறுக்கல?”

“அறுக்கல. லோடு ஏத்திக்கிட்டு அந்தக் கரட்டுல எறங்குறப்ப பாறையில அடிவயிறு இடிச்சு, பிரேக்கு ட்யூபு போயிருக்கு. பாறையில இரும்பு உரசின தடம் இருக்கு. இப்ப அது வேண்டாம். இதக் கேளு.”

டிக். டிக். டிக்டிக். ஏதோ ஓர் உலோகம் ஸ்டீரிங்கைத் தட்டியது. பாட்டுக்குத் தோதாக.

“மோதிரம்” என்றாள் ரேணுகா. “லோடு ஏறுற வரைக்கும் வண்டியில உக்காந்திருந்த ஆளு தாளம் போட்டிருக்கு.”

“திருட வந்த எடத்துலயும் என்ன ஒரு ரசனை! டிக்கெட் வாங்கினவன் கூட இப்படிக் கேக்க மாட்டான்.”

“பேசாதே. இப்போ வருது.”

உறுமி ஏறிக்கொண்டே போனது. ஏறி, உச்சியில், யாரோ கயிற்றை அறுத்தது போலச் சட்டென்று நின்றது. அது தெரியாத கூட்டம் கைதட்டிக்கொண்டே போய், அசடு வழிந்து, சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன் உறுமி இடியாக இறங்கியது.

மோதிரம் மட்டும் உறுமியோடு நின்றது. உறுமியோடு இறங்கியது.

சுருளி வளைவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

“ரோட்டப் பாரு!”

“பாட்டு எங்க நிக்கும்னு அந்த ஆளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கேக்கா!”

“அந்த நிறுத்தத்தை அன்னைக்குத்தான் முதன்முதலா மேடையில செஞ்சாங்க. ஷாரோன் சொன்னா. அதுக்கு முன்னால ஒத்திகையில மட்டும்தான்.”

“அப்போ வெளியாள் இல்ல.” சுருளி விரல் விட்டு எண்ணினான். “பாடினவங்க மேடையில இருந்தாங்க. சின்ராசு மேடைக்கு முன்னால வேட்டிய மடிச்சுக்கட்டி ஆடினது வீடியோவுல இருக்கு. மிச்சம் ஒரே ஆளு. மிக்சர்ல இருந்த ஸ்டான்லி. பதிவு பட்டன அமுக்கிட்டா அதுக்கப்புறம் அவனுக்கு என்ன சோலி? எந்திரிச்சுப் போயிருக்கான்.”

“அவனும் அதே ஜீப்புலதான் எறங்கினான். கை ஒடிஞ்சு கெடக்கான்.”

“பிரேக்கு போனது தெரியாம ஏறியிருப்பான். தான் வெட்டின குழியில தானே விழுறது நம்ம ஊருல புதுசா?”

ரேணுகாவுக்கும் அப்படித்தான் பட்டது. மோதிரம் ஒன்றுதான் இடித்தது. ஸ்டான்லி கையில் மோதிரம் பார்த்த ஞாபகம் இல்லை. ஆனால் கழற்றி வைத்துவிட முடியாத பொருளா மோதிரம்? “வெரசாப் போ” என்றாள்.

* * *

ஒத்திகை நடப்பது போடி கடைவீதிக்குப் பின்னாலிருந்த ஓர் ஏலக்காய் குடோனில். ஷாரோனின் அம்மா ஜெயபாக்கியத்தினுடையது. காய் வாங்கி, தரம் பிரித்து, வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரம். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவதால் ஒத்திகை நேரத்தில் ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தார்கள்.

“யாரு, அந்தத் தேனிப் பொம்பளையா?” உள்ளேயிருந்து ஜெயபாக்கியத்தின் குரல் வந்தது. “செருப்ப வெளிய விடச் சொல்லு. காய் கெடக்கு.”

அந்தம்மாள் ஒரு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்து, எவர்சில்வர் தட்டில் கொட்டிய ஏலக்காயில் வெளிறியவற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஷாரோன் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். தூக்கமில்லாத கண்கள். ஸ்டான்லி மிக்சருக்குப் பக்கத்தில். இடது கையில் மாவுக்கட்டு.

ரேணுகாவைப் பார்த்ததும் அவன் எழுந்தான். “என்னையத்தான் சொல்லப் போறீங்க. அதானே? எங்க வீட்டுப் பக்கத்துல போய் என்னையப் பத்தி விசாரிச்சீங்களாம்.”

“விசாரிச்சது நானு” என்றான் சுருளி. “நல்ல பையன்னாங்க. அதுலதான் சந்தேகமே வந்துச்சு.”

“டேய்!” என்றான் ஸ்டான்லி.

“நாலாவது பாட்டப் போடு ஸ்டான்லி” என்றாள் ரேணுகா. “மிக்சர்ல எடுத்தது. பெரிய ஸ்பீக்கர்ல. எல்லாரும் அந்த நேரத்துல எங்க இருந்தீங்கன்னு நெனச்சுக்கிட்டே கேளுங்க.”

“போடுங்கடா, போடுங்க” என்றார் ஜெயபாக்கியம். “ஒருத்தன் ஆஸ்பத்திரியில, ஒருத்தன் ஜெயில்ல. இன்னும் உங்களுக்குப் பாட்டு அடங்கல. அன்னைக்கே சொன்னேன், இந்தக் கூத்து வேணாம்னு. ஒழுங்கா சர்ச்சுல பாடிட்டுக் கெடன்னேன். கேட்டாளா?”

ஸ்டான்லி ஒற்றைக் கையால் பட்டனை அமுக்கினான். குடோன் அதிர்ந்தது.

ரேணுகா அவனுடைய அந்தக் கையை மட்டும் பார்த்தாள். பட்டனை அமுக்கிய கை திரும்பிப் போய் அக்குளுக்குள் புகுந்துகொண்டது.

“இருக்கிறதே ஒரு கை” என்று சுருளி அவள் காதில் முனகினான். “அதையும் ஒளிச்சு வச்சுட்டான்.”

உறுமி ஏறியது. அந்தக் கை வெளியே வரவில்லை. கால் அசையவில்லை. தலை அசையவில்லை. பாட்டு அவனைத் தொடவே இல்லை போல நின்றான். மைக்குக்குப் பக்கத்திலேயே காலம் கழிக்கிறவன். சின்னச் சத்தமும் பதிவில் விழுந்துவிடும் என்று உடம்பை அடக்கிப் பழகியவன். தாளம் போடவே தெரியாதவன் எப்படி ஸ்டீரிங்கில் தட்டியிருப்பான்? துப்பு செத்துவிட்டது.

ஆனால் டிக் டிக் என்று கேட்டது.

அவள் பார்த்துக்கொண்டிருந்த கை அசையவில்லை. பதிவில் அந்தச் சத்தம் இருக்க வழியில்லை; இது மிக்சரில் எடுத்தது. சத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. எவர்சில்வர் மேல் ஏதோ தட்டியது.

டிக். டிக். டிக்டிக்.

அவள் திரும்பவில்லை. மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

உறுமி உச்சிக்குப் போய் நின்றது.

டிக் நின்றது.

உறுமி இறங்கியது. டிக் இறங்கியது.

ரேணுகா திரும்பினாள். ஜெயபாக்கியம் காய்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இன்னும் பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தது. வலது கையில் மோதிரம் போட்ட விரல் தட்டின் விளிம்பில் தன்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“பாட்ட நிறுத்து” என்றாள் ரேணுகா.

அமைதியில் அந்த விரல் இன்னும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. ஜெயபாக்கியம் நிமிர்ந்தார். எல்லோரும் தன் கையைப் பார்ப்பதைப் பார்த்தார்.

“என்ன?”

“போன ஞாயித்துக்கிழமை மலைக்கு வந்தீங்களா?”

“வரலைன்னு முன்னாடியே சொன்னேன்.”

ரேணுகா ஜீப்பு போனின் பதிவை ஸ்பீக்கரில் போட்டாள். பொத், பொத். பிறகு டிக் டிக். நிறுத்தம். இறக்கம். ஷாரோன் பெட்டியிலிருந்து மெதுவாக எழுந்தாள்.

“இதென்ன சத்தம்?” ஜெயபாக்கியத்தின் குரலில் முதல்முறையாக ஒரு தடுமாற்றம்.

“ஜீப்புல நாங்க ஒரு போன் கட்டி வைப்போம்” என்றாள் ஷாரோன். “கைதட்டலப் பிடிக்க. நாங்க எப்படிப் பதிவு பண்றோம்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையேம்மா.”

ஜெயபாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகினார். தடுமாற்றம் போய்விட்டது. “மோதிரம் போட்டவ இந்த ஊருல நான் ஒருத்தியா? கோர்ட்டுல போய், ஒரு பொம்பள தட்டுல தாளம் போட்டா, அதனால அவதான் திருடின்னு சொல்லு. சிரிப்பாங்க. நீ படிச்சவதானே? சொல்லு, சிரிப்பாங்களா மாட்டாங்களா?”

“சிரிப்பாங்க” என்று ரேணுகா ஒப்புக்கொண்டாள். “மிச்சத்தையும் கேட்டுருவோம்.”

எஞ்சின் சத்தம். கரட்டுப்பாதையின் குலுக்கல். அடியில் ‘டங்’கென்று ஓர் இடி. சிறிது நேரம் கழித்து, லோடு இறக்கிவிட்டு ஜீப்பு மேலேறி வருகிறது. பாட்டு நெருங்குகிறது. சக்... சக்... சக் சக் சக்.

ஸ்டான்லியின் முகம் வெளுத்தது. “இது பிரேக்கு மிதிக்கிறது. பிடிக்காத பிரேக்கு.” ஸ்பீக்கர் பக்கம் குனிந்தான். “பாறையில மோதுறதுக்கு முன்னால சின்ராசு அண்ணனும் இப்படித்தான் மிதிச்சாரு.”

பதிவில் வண்டி நின்றது. கதவு திறந்தது. ஒரு கல்லை இழுத்து வந்து டயருக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் சத்தம். காலடிகள் போய்விட்டன. அப்புறம் வெறும் பாட்டு, கைதட்டல்.

“சரிவுல நிறுத்தினா கல்லு வைக்கிறது மலையில எல்லாரும் பண்றது” என்றார் ஜெயபாக்கியம். “யாரு காலு, யாரு கல்லுன்னு சத்தத்துல எழுதி ஒட்டியிருக்கா?”

ரேணுகா பதிவை நிறுத்தினாள்.

“அம்மா” என்றாள் ஷாரோன்.

அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “அன்னைக்குக் கடைசிப் பாட்டு முடிஞ்ச உடனே எனக்குப் போன் பண்ணீங்க. ஜீப்புல ஏறாத, சித்தி கார்லயே வந்துருன்னீங்க. நான் ஏன்னேன். மழை வரும், நனஞ்சிருவன்னீங்க.”

“ஆமா. சொன்னேன்.”

“மழை வரலம்மா.”

ஜெயபாக்கியம் ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நல்ல காய். அதைத் தவறான பக்கம் போட்டார்.

“பெத்தவ வேற என்ன செய்வா?” என்றார்.

அந்த வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அதன் கனம் அவருக்கே தெரிந்தது போலிருந்தது.

“நாங்க?” என்றான் ஸ்டான்லி. மாவுக்கட்டுக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். “எங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, ஆன்ட்டி?”

“உங்ககிட்டச் சொன்னா ஏன்னு கேப்பீங்க.” ஜெயபாக்கியம் அவனைப் பார்க்கவில்லை. “அவ கேட்டா அதட்டலாம். உங்கள அதட்ட முடியுமா? ரெண்டு வளைவு தாங்கும், மெட்டுல எப்படியும் டீ குடிக்க நிறுத்துவான், அங்க பாத்துக்கிடுவான்னு நெனச்சேன். நான் யாரையும் கொல்லணும்னு நெனக்கல. கீழ ரோட்டுல நின்ன என் வேன் அந்தக் கரட்டுல ஏறாது. சாவியோட ஒரு ஜீப்பு நின்னுச்சு. எடுத்தேன், வச்சேன். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” என்றான் சுருளி. கேலி இல்லாத குரல். அவனிடம் அந்தக் குரல் உண்டு என்பது ரேணுகாவுக்கே புதிது.

“நீ பேசாதடா! வெளிய போங்க ரெண்டு பேரும்.” ஜெயபாக்கியம் எழுந்ததில் தட்டு கவிழ்ந்து ஏலக்காய் தரையெங்கும் சிதறியது. “இங்க நான் இப்படிச் சொன்னேன்னு வெளிய எவ சாட்சி சொல்லுவா? நான் சொல்லவே இல்லம்பேன். அந்தப் பதிவுல என் மூஞ்சி இருக்கா? ராக்கையா வாயத் திறப்பானா? திறந்தா அவன் பொழப்புக்கு எவன் பொறுப்பு?”

அது உண்மை. ரேணுகா ஷாரோனைப் பார்த்தாள். இந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியில்லை.

“ஷாரோன், கார்டு ஜீப்பு நகந்ததச் சொல்லும். யாருன்னு சொல்லாது. ஜீப்புல ஏறாதன்னு அம்மா போன் பண்ணது உனக்குத்தான். அத நீ சொன்னாத்தான் சின்ராசு வெளிய வருவான்.”

“உங்களக் கூப்பிட்டது நான்தான்” என்றாள் ஷாரோன்.

“ஆமா.”

“கூப்பிட்டிருக்கக் கூடாது.” அவள் கண்களில் வெறுப்பு இருந்தது, மறைக்கவில்லை. “நீங்க யாரையாவது கண்டுபிடிப்பீங்கன்னு நெனச்சேன். ராக்கையாவ. இல்ல இவன. எங்க வீட்டுக்குள்ள வருவீங்கன்னு நெனக்கல.”

“உள்ள போ ஷாரோன்” என்றார் ஜெயபாக்கியம். “இந்த மிக்சரு, மைக்கு, நீ படிச்ச படிப்பு எல்லாம் எதுல வந்துச்சுன்னு நெனக்கிற? அந்தக் காய்லதான். உள்ள போ.”

ஷாரோன் ரேணுகாவின் போனிலிருந்து கார்டை உருவினாள். ஒரு கணம் அதை என்ன செய்யப் போகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ரேணுகா கை நீட்டவில்லை. நீட்டினால் அந்தப் பெண் அதை ஒடித்துவிடுவாள் என்று தோன்றியது. ஷாரோன் கார்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். காய்கள் காலடியில் நொறுங்க நடந்து, ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். செருப்பு போடவில்லை.

“ஷாரோன்!” ஜெயபாக்கியத்தின் குரல் கடைவீதி வரை போனது. “அந்த ஜீப்புல ஏறாத!”

சுருளி ஓடிப்போய் வண்டியை எடுத்தான். பின்கண்ணாடியின் சிலந்திவலை வழியாக வெயில் உடைந்து விழுந்தது. ஷாரோன் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். கடைவீதியில் லோடு ஏற்றுகிறவர்கள், மூக்கில் ஏறும் ஏலக்காய் வாசனை, வழிவிடாத ஆட்டோக்கள். எங்கே போக வேண்டும் என்று சுருளி கேட்கவில்லை.

காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் ஜீப்பு நின்றது. ரேணுகா இறங்கக் காலை எடுத்து வைத்தாள்.

“நீங்க வராதீங்க” என்றாள் ஷாரோன். “உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச்சு வராது.”

அவள் படியேறிப் போனாள். ரேணுகா நிலையத்தின் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். சுருளி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

உள்ளே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். ஏதோ விசாரிக்கும் ஆண்குரல். பிறகு, ஆயிரம் பேர் கூடிய மைதானத்தில் மைக்கின் முன் நடுங்காத அந்தக் குரல், நடுங்கிக்கொண்டே வந்தது.

“எழுதிக்கிடுங்க சார். எம்பேரு ஷாரோன். அம்மா பேரு ஜெயபாக்கியம். ரெண்டையும் எழுதணும்.”